தரையைத் தட்டினால் திரும்புவாள்

எனக்குக் குரல் பெரிது. எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் நின்று நான் ஒரு பிள்ளையை அதட்டினால் கீழே சாலையில் போகிற ஆட்டோக்காரர் பிரேக் போடுவார் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அங்கன்வாடி வேலைக்குச் சேர்ந்து முதல் சில வருடங்கள் அந்தக் குரலை வைத்தே காலம் தள்ளினேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. டாக்டர் கத்தாதே என்றார். மூன்று வயதும் நான்கு வயதுமாக இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கத்தாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாயால் கூப்பிடுவதற்குப் பதிலாகக் காலால் தரையை ஓங்கி ஒரு தட்டு.

அப்போது எங்கள் அங்கன்வாடி ஒரு பழைய மரவீட்டில் நடந்தது. சரிவில் கட்டைகளை நட்டு, மேலே பலகை அடித்து, தகரம் போட்ட வீடு. இந்த மூலையில் தட்டினால் அந்த மூலையில் அடுக்கி வைத்த சாப்பாட்டுத் தட்டுகள் கலகலக்கும். எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். மேற்பார்வைக்கு வந்த அம்மா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "நல்ல டெக்னிக்கா இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு முன்பே கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடிற்று.

அந்த மரவீட்டுக்குத்தான் ஒருநாள் ஒரு பெண் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி, கப்பலேறி இங்கே வந்தவள். புருஷனுக்கு ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற ஒப்பந்த வேலை. என்னைப் பெற்றவர்களும் அதே சீமையிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவள் வாயைத் திறந்ததுமே எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். பிள்ளைக்கு மூன்று வயது ஆகப்போகிறது என்றாள். சுருட்டை முடி, எதையும் விடாத கண். வந்த சூட்டோடு என் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து இரண்டு கையையும் நீலமாக்கிக்கொண்டு, நான் முறைத்தபோது என்னையே முறைத்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

"இன்னும் ஒரு வார்த்தை பேசல டீச்சர். 'ம்மா'ன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு" என்றாள் தாய்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

இங்கே பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது எங்களுக்கு ஒரு சங்கதியே இல்லை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் பெங்காலி, எதிர்வீட்டில் தெலுங்கு, தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தி. என் மகளே மூன்றரை வயது வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது, "அம்மா, பானி வேணும், ஜல்தி குடு" என்றாள், பாதி ஹிந்தி பாதி தமிழாக. இப்போது மெயின்லேண்டில் காலேஜ் படிக்கிறாள், போனில் பிடித்தால் விடமாட்டாள். ஆகவே பிள்ளை பேசவில்லை என்று யார் வந்து சொன்னாலும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: பாஷைக் குழப்பம். பெங்காலிக்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள், மலையாளிகளும் இதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினை.

"அட, இதுக்குப் போயா பயப்படுற?" என்றேன். "நாலு பாஷை காதுல விழுந்தா பிள்ளை எதைத்தான் பிடிக்கும்? ஒண்ணு பண்ணு. வீட்டுலயும் ஹிந்தியே பேசு. இங்கயும் ஹிந்தி, தெருவுலயும் ஹிந்தி. தமிழைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வை. அப்புறம் பாரு, கடகடன்னு பேசும்."

"எனக்கு ஹிந்தி வராதே டீச்சர்."

"வர்றதைப் பேசு."

அவளுக்கு வந்தது என்ன? சலோ, பைட்டோ, கானா காவோ, மத் கரோ: வா, உட்கார், சாப்பிடு, செய்யாதே. நாலு வார்த்தை. அவள் யாரென்று தெரியாமலே அதற்கு முன் அவளைத் தண்ணீர் வருகிற நாளில் குழாயடியில் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே ஓயாமல் பேசுவாள். காதைத் தேய்க்கும்போது காதுக்கு ஒரு பேச்சு, முழங்காலுக்கு ஒரு பேச்சு, நடுவில் திட்டு, உடனே கொஞ்சல், புருவம் ஒரு பக்கம் ஏறும், உதடு ஒரு பக்கம் கோணும். பிள்ளை நுரைக்குள்ளிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் சொன்ன பிறகு குழாயடியில் சத்தம் அடங்கிப்போயிற்று. "பைட்டோ" என்பாள். சொன்னது சரியா என்று யோசிப்பவள் போல நிறுத்துவாள். மேலே சொல்ல வார்த்தை இல்லாமல் பேசாமல் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். சொன்னபடி கேட்கிறாளே என்று எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது.

எங்கள் ஹெல்பர் ஒரு பெங்காலி அம்மாள். என்னைவிட வயதில் பெரியவர், கிச்சடி கிண்டுவதில் கெட்டிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "தீதி, யே பச்சி ஷாயத் சுன்தி நஹி" என்றார். இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம்.

எனக்குச் சுருக்கென்றது. பயிற்சிக்குப் போய் வந்தவள் நான், கரண்டி பிடிக்கிறவர் எனக்குச் சொல்வதா? அந்த நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "தேக்கியே, பாருங்க" என்றேன். பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று காலால் ஒரு தட்டுத் தட்டினேன். உடனே திரும்பினாள், மற்ற பிள்ளைகளுக்கும் முன்னால். "பார்த்தீங்களா?" என்றேன். ஹெல்பர் தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார். பிள்ளைகளின் வளர்ச்சியை எழுதும் பதிவேட்டில் 'சத்தம் கேட்டால் திரும்புகிறதா' என்று ஒரு கட்டம் உண்டு. அன்றே அதில் டிக் போட்டேன், என் வழக்கப்படி அழகாக.

என் பக்கம் ஒரு நியாயமும் சொல்லிக்கொள்கிறேன், கேட்பவர் கேட்கட்டும். அவள் அவ்வளவு சூட்டிகையாக இருந்தாள். பாட்டுக்குக் கை ஆட்டச் சொன்னால் ஒரு அசைவு பிசகாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, அரை நொடி பிந்திச் செய்வாள். அந்த அரை நொடியை நான் கவனித்தேன். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்தால் எழுவாள், கை கழுவப் போனால் போவாள். எங்கள் சுவரில் குழந்தைகளின் உரிமைகள் என்று ஒரு படம் ஒட்டியிருக்கும். அதை நான் தாய்மார்கள் கூட்டத்தில் மூன்று பாஷையில் விளக்குவேன். அந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில், தாயின் மடியில், என் வாயையே பார்த்துக்கொண்டு அவள் இருந்தாள்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. தாய் நடுவில் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், "அவசரப்படாத, வரும்" என்றேன்.

மரவீட்டைக் கரையான் அரித்துவிட்டதால் எங்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, பிள்ளைகள் உயரத்துக்குத் தொட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல்நாள் காலை, பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தபோது பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி ஓங்கித் தட்டினேன். குதிகால் வலித்ததுதான் மிச்சம், தரை அசையவில்லை. ஆனாலும் 'டப்' என்ற சத்தத்துக்குப் பிள்ளைகள் திரும்பினார்கள்.

அவள் திரும்பவில்லை.

ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை தட்டினேன். "பாப்பா!" என்று என் முழுக் குரலில் கூப்பிட்டேன், ஆட்டோவுக்குப் பிரேக் போட வைக்கிற அதே குரலில். சமையலறையிலிருந்து ஹெல்பர் எட்டிப் பார்த்தார். நான் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, அவள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தேன். சின்னது ஒன்று பயந்து அழ ஆரம்பித்தது. அவள் சிவப்புக் கட்டைமேல் மஞ்சள் கட்டையை நிதானமாக வைத்தாள். பிறகு அழுகிற பிள்ளையின் முகம் அவள் கண்ணில் பட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பியவள், தட்டும் கரண்டியுமாக நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மரவீட்டில் அவள் கேட்டது எதுவுமில்லை. பலகை அதிர்ந்தது, உட்கார்ந்திருந்த உடம்பில் தெரிந்தது, திரும்பினாள். ஹெல்பர் என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு போனார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை.

மத்தியானம் தாய் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது, "காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிரலாமா? எதுக்கும் ஒரு செக்கப்" என்றேன். எதுக்கும் ஒரு செக்கப்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் விழுகிற சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்த்தார்கள். தாய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோதனை செய்தவர் இளம்பெண், தமிழ் தெரிந்தவர். இரண்டு காதிலும் அநேகமாக ஒன்றுமே இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். மெயின்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் பொருந்துமா என்று அவர்கள்தான் சொல்வார்கள், வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம், ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள் என்றார்.

"அப்ப இத்தனை நாளும் நான் சொன்னது எப்படி இவளுக்குப் புரிஞ்சுது?" என்று தாய் கேட்டாள்.

"உங்க முகத்தைப் பார்த்துத்தான்மா. உங்க முகம், உதடு, கை. அதை வச்சுத்தான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிறா. நிறையப் பேசுங்க, முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

தாய் என் பக்கம் திரும்பவில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் ஏறி இறங்கிய அந்தப் புருவம்தான் பிள்ளைக்கு இருந்த ஒரே பாஷை. ஹிந்தி தேடித் தேடி அந்த முகம் ஒரு வருடமாக மரத்துப்போயிருந்தது, நான் சொன்னதற்காக. தமிழா ஹிந்தியா என்பதில் பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. குழப்பம் எனக்குத்தான்.

அதன்பிறகு, பிள்ளையை மெயின்லேண்டுக்கு அனுப்புவதற்காக நான் ஏறி இறங்காத படி இல்லை. ஓர் அலுவலகத்தில் இந்தக் காகிதம், இன்னோர் அலுவலகத்தில் அந்தக் கையெழுத்து. யாரும் என்னை விரட்டவில்லை, எல்லோரும் நாற்காலி போட்டார்கள், இரண்டு பேர் டீயும் கொடுத்தார்கள். ஒருவர் லீவில் போயிருந்தார், அவ்வளவுதான். அவர் வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியபோது தகப்பனுக்கு வேலையை விட்டு நகர முடியவில்லை. எல்லாம் கூடி வந்து கப்பல் டிக்கெட் கையில் இருந்தபோது கடலில் புயல் சின்னம் என்று கப்பலைத் தள்ளிப்போட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளையும் திட்டினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மழையைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன். "ஒரு வருஷம் போனது உனக்குத் தெரியல, ஒரு வாரம் போறதுக்கு இப்படிக் கத்துற" என்றார் அவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை.

அங்கன்வாடியில் அவள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து பேசினேன். "பந்து. ப-ந்-து." அவள் என் உதட்டை விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு தன் உதட்டை அதே மாதிரி வைத்துக்கொள்வாள், சத்தமே வராமல். எனக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாது. பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவள் நான், எடை போடத் தெரிந்தவள், சத்துணவு பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவள். இதற்கு எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் அன்றைய என் மண்டைக்கு ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

கடைசியில் கப்பல் கிளம்பிய அன்று ஹேடோவுக்குப் போனேன். கூட்டம், பெட்டிகள், இளநீர் மூட்டைகள், போர்ட்டர்களின் கத்தல். தகப்பன் சாமான்களோடு முன்னால் வரிசையில் போய்விட்டார். தாயும் பிள்ளையும் நானும் நின்றோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்: 'தப்பு என்மேல. உன்னைப் பேசவேண்டாம்னு சொன்னது நான். காது கேக்குதுன்னு டிக் போட்டது நான்.' மூன்று வரிதான். மூன்றாயிரம் முறை தாய்மார்கள் முன்னால் பேசின வாய்க்கு அந்த மூன்று வரி வரவில்லை. "ஸ்வெட்டர் எடுத்து வச்சியா? கப்பல்ல ஏசி இருக்கும்" என்றேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கப்பல் ஊதியது. நாங்கள் எல்லோரும் ஒருமுறை திடுக்கிட்டோம். பிள்ளை மட்டும் என் சேலை முந்தானையில் இருந்த பூவை எண்ணுவது போல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது தாய் வந்தாள். பிள்ளையின் இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி. நாலரை வயதை நெருங்கிவிட்டாள். நேராக உள்ளே போய்க் கட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். கொட்டிய சத்தத்துக்கு நாலு பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"இந்த மிஷின் சும்மா முதல்ல போட்டுப் பாக்குறதுக்காம்" என்றாள். "இதுல அவளுக்குப் பெருசா ஒண்ணும் கேக்காதுன்னுட்டாங்க. ஆபரேஷனுக்குப் பேர் எழுதி வச்சிருக்காங்க, கூப்பிடுவாங்களாம். பண்ணினாலும் எவ்வளவு பேச்சு வரும்னு உறுதியாச் சொல்ல முடியாதாம். முன்னாடியே வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்னு சொன்னாங்க."

விழித்து வெளியே வந்த பிள்ளை ஒன்றை மடியில் போட்டுத் தட்டினேன்.

"இவ்வளவு நாள் ஏன் கவனிக்கலன்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க டீச்சர். கோவமா கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அங்க எங்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லைன்னு சொன்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்ப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, வீட்டுக்குப் போகலாம் என்று தமிழில் சொன்னாள், புருவத்தையும் கையையும் சேர்த்து. பிள்ளை எழுந்துகொண்டாள். என்னைக் கடந்து போகும்போது கையை அசைத்துவிட்டுப் போனாள்.

யாரும் இல்லை என்பது பொய். நான் இருந்தேன். ஒரு வருடம் முழுக்க, ஞாயிறு தவிர எல்லா நாளும், காலையிலேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இருந்தேன்.